மணிக்கட்டு நரம்பைப் பார்த்து நகை வாங்கலாமா?

என் இடது மணிக்கட்டை இதுவரை மூன்று பேர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் "நரம்பு பச்சையா இருக்கு, உங்களுக்குத் தங்கம்தான்" என்றார். இன்னொருவர் நீலம் என்று சொல்லி வெள்ளிச் சங்கிலியை எடுத்து நீட்டினார். மூன்றாமவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்து, "ரெண்டும் கலந்த மாதிரி இருக்கே" என்று முடித்துக்கொண்டார். கை ஒன்றுதான், நரம்பும் அதே நரம்புதான்.

நகைக்கும் நிறத்துக்கும் பொருத்தம் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் தொடங்குகிறார்கள். நரம்பு பச்சையாகத் தெரிந்தால் உங்கள் தோல் ‘வார்ம்’, தங்கம் போடுங்கள். நீலமாகத் தெரிந்தால் ‘கூல்’, வெள்ளியோ பிளாட்டினமோ போடுங்கள். நடுவில் என்றால் ‘நியூட்ரல்’, எதையும் போடலாம். நினைவில் வைத்துக்கொள்ள எளிது, அதனாலேயே ஊரெல்லாம் பரவிவிட்டது. இதில் பாதி சரி. மீதிப் பாதி ஏன் ஆளைக் குழப்புகிறது என்று தெரிய வேண்டுமானால் தோலிலிருந்து தொடங்க வேண்டும்.

தோலில் என்ன ஓடுகிறது

தோலின் நிறத்தை முக்கியமாக மூன்று பொருள்கள் தீர்மானிக்கின்றன. முதலாவது மெலனின். அதிலேயே இரண்டு வகை: கறுப்பும் பழுப்புமான யூமெலனின், சிவப்பும் மஞ்சளுமான ஃபியோமெலனின். அடுத்தது, தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் ஹீமோகுளோபின். மூன்றாவது கரோட்டின், அது லேசான மஞ்சள். மெலனின் கூடக் கூடத் தோல் அடர்த்தியாகிறது. ஒரே அளவு அடர்த்தி உள்ள இரண்டு பேரை அருகருகே நிறுத்தினால் ஒருவருக்கு மஞ்சள் ஓடியிருக்கும், இன்னொருவருக்கு ரோஜா நிறம் ஓடியிருக்கும். இப்படி ஓடுவதைத்தான் அண்டர்டோன் என்கிறார்கள். வெயிலில் அலைந்து கறுத்தாலும், நிழலில் இருந்து வெளுத்தாலும் அடர்த்திதான் பெரிதாக மாறுகிறது, ஓட்டம் அவ்வளவாக மாறுவதில்லை.

கருவி வைத்து அளந்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1976-ல் வந்த சிஐஇ லேப் என்ற அளவுமுறையில் எந்த நிறத்தையும் மூன்று எண்களாகப் பிரிப்பார்கள்: எவ்வளவு வெளிச்சம், பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே எங்கே, நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே எங்கே. உலகத்தில் எந்த மனிதரின் தோலை அளந்தாலும் அது ஆரஞ்சுக் குடும்பத்துக்குள்தான் வந்து விழுகிறது. மிக வெளுத்த தோலும் மிகக் கறுத்த தோலும் நிறக் குடும்பத்தில் ஒன்றுவிட்ட சொந்தங்கள். நீலம் ஓடும் தோல் என்று யாருக்கும் கிடையாது. ‘கூல்’ என்றால் மஞ்சள் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். மனிதர்களுக்குள் பெரிய வித்தியாசம் முதல் எண்ணில்தான், அதாவது அடர்த்தியில். நகை ஆலோசனைகளில் பாதிக்கு மேல் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

சரி, நரம்பு ஏன் நீலமாகத் தெரிகிறது? உள்ளே ஓடும் ரத்தம் கருஞ்சிவப்பு. 1996-ல் வெளியான ஓர் ஒளியியல் ஆய்வு இதை அளந்தே விளக்கியது. சிவப்பு ஒளி தோலுக்குள் ஆழமாகப் போகும். போகிற வழியில் ரத்தக்குழாய் இருந்தால் அது கொஞ்சம் சிவப்பை விழுங்கிவிடும். அந்த இடத்திலிருந்து திரும்பி வரும் ஒளியில் சுற்றியுள்ள தோலைவிடச் சிவப்பு குறைவு. கண் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, குறைந்த இடத்தை நீலம் என்று நமக்குச் சொல்கிறது. அங்கே உண்மையில் நீல நிறப் பொருள் எதுவும் இல்லை. நரம்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, மேலே கொழுப்பு எவ்வளவு, அறையில் எந்த விளக்கு எரிகிறது என்பதையெல்லாம் பொறுத்து அதே நரம்பு பச்சையாகும், நீலமாகும், சாம்பலாகும். அடர்ந்த தோலில் அது கண்ணுக்கே தெரியாது. என் மணிக்கட்டைப் பார்த்த மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. மூன்று வேறு விளக்குகளுக்கு அடியில் பார்த்தார்கள்.

தோலை வகைப்படுத்தும் பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் 1975-ல் உருவாக்கிய அளவுகோலை நகைக்கும் ஒப்பனைக்கும் எடுத்துப் பேசுவதைப் பார்க்கலாம். அது ஒளிச்சிகிச்சைக்கு எத்தனை கதிர் கொடுப்பது என்று முடிவு செய்ய வந்தது. வெயிலில் தோல் கருகுமா, கறுக்குமா என்பதுதான் அதன் கேள்வி. நிறப் பொருத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதைவிடப் பரவலாகப் பழகியது பருவகால முறை: வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று ஆட்களை நாலு பெட்டியில் போடுவது. ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் 1919 முதல் 1923 வரை கற்பித்த ஓவியர் யோஹன்னஸ் இட்டனின் நிறக் கோட்பாட்டில் இதற்கு வேர் உண்டு. மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் நிறங்கள் அவரவர் முடிக்கும் தோலுக்கும் ஒத்துப்போவதை அவர் கவனித்திருந்தார். 1980-களில் அமெரிக்காவில் அது பெரிய அலையாக அடித்தது. முடியும் கண்ணும் பல நிறங்களில் இருக்கும் மக்களை வைத்துச் செய்த முறை அது. கறுப்பு முடியும் கறுவிழியும் உள்ளவர்களைப் பெரும்பாலும் ‘குளிர்காலம்’ என்ற ஒரே பெட்டியில் தள்ளிவிட்டு, வெள்ளி போடுங்கள் என்று சொல்லிவிட்டது. உலகத்தில் பெரும்பாலோர் முடி கறுப்பு. அத்தனை பேருக்கும் ஒரே சீட்டு எழுதிக்கொடுத்தால் அதை ஆலோசனை என்று எப்படிச் சொல்வது?

ஷெவ்ரலின் கறுப்புச் சாயம்

இந்த விஷயத்தில் எனக்கு உண்மையில் வழி காட்டியது நகை பற்றிய ஆலோசனை எதுவும் அல்ல, ஒரு சாயப்பட்டறைப் புகார். மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1824-ல் பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்தால் வெளுத்துத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், அதில் ஒரு குற்றமும் இல்லை. பக்கத்து நூல்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பல ஆண்டுகள் இதிலேயே மூழ்கிக் கிடந்து 1839-ல் பெரிய நூலாக எழுதினார். முகத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வந்தால் முகம் எப்படி மாறித் தெரியும் என்று அதில் தனிப் பகுதியே உண்டு.

அவர் கண்டதைச் சுருக்கமாகச் சொன்னால், ஒரு நிறம் தன் பக்கத்தில் இருப்பதைத் தன் எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும். பச்சை பக்கத்தில் வந்தால் தோல் சிவந்து தெரியும். சிவப்பு வந்தால் தோலில் உள்ள சிவப்பு அடங்கி வெளிறும். ஊதா வந்தால் மஞ்சள் கூடும். அடர்த்திக்கும் இதே கதைதான்: வெள்ளைக்குப் பக்கத்தில் எதுவும் கொஞ்சம் கறுக்கும், கறுப்புக்குப் பக்கத்தில் எதுவும் கொஞ்சம் வெளுக்கும்.

இதை வைத்துக்கொண்டு "மஞ்சள் ஓடிய தோலுக்குத் தங்கம்" என்ற விதியைத் திரும்பப் பாருங்கள். ஒத்த நிறம் ஒத்த நிறத்தோடு சேரும் என்பதுதான் அதன் அடிப்படை. சேரும், மறுக்கவில்லை. ஆனால் அளவுக்கு மீறி ஒத்துப்போனால் நகை தோலோடு கரைந்துவிடும். மஞ்சள் ஓடிய மாநிறக் கழுத்தில் 14 காரட் மெல்லிய சங்கிலி ஒன்றைப் போட்டு நாலடி தள்ளி நின்று பாருங்கள். சங்கிலி இருக்கிறதா என்றே தெரியாது, பதக்கம் மட்டும் அந்தரத்தில் தொங்கும். அதே கழுத்தில் அதே தடிமனில் 22 காரட் சங்கிலியைப் போட்டால் கோடு போட்டதுபோல் தெரியும். வெள்ளி இன்னும் எடுப்பாகத் தெரியும். மூன்றில் எது பொருத்தம்? நகை தெரிய வேண்டுமா, முகம் தெரிய வேண்டுமா என்று முடிவு செய்யாமல் இதற்குப் பதிலே இல்லை.

ஆகவே அண்டர்டோனுக்கு முன்னால் அடர்த்தியைப் பார்ப்பதுதான் என் வழக்கம். கறுத்த தோலில் மஞ்சள் தங்கம் ஏன் அப்படி ஜொலிக்கிறது? அங்கே இரண்டும் ஒருங்கே நடக்கிறது. பழுப்பும் மஞ்சளும் ஒரே குடும்பம் என்பதால் ஒட்டு இருக்கிறது. வெளிச்சத்தில் பெரிய இடைவெளி இருப்பதால் எடுப்பும் இருக்கிறது. "கறுப்பா இருக்கிறவங்களுக்கு வெள்ளி எடுக்காது" என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அடர்த்தி இடைவெளி மிக அதிகமாக இருப்பதே அந்த ஜோடியில்தான். கறுத்த கையில் கனமான வெள்ளிக் காப்பு அறைக்கு மறுகோடியிலிருந்தே தெரியும். வெளுத்த, ரோஜா ஓடிய தோலில் நிலைமை தலைகீழ். அங்கே வெள்ளியும் பிளாட்டினமும் சத்தமில்லாமல் அடங்கி உட்காரும், 22 காரட் மஞ்சள்தான் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சிலருக்கு அது அழகு, சிலருக்கு உறுத்தல். ரோஸ் கோல்டு அந்தத் தோலில் இதமாகக் கலக்கும். 

கறுப்பேற்றிய வெள்ளி, எனாமல் பூசிய நகை, கறுப்புக் கயிற்றில் கோத்த பதக்கம் இவற்றுக்கெல்லாம் தனிச் சலுகை உண்டு. குழிவுகளில் நிற்கும் கறுப்பே மேட்டில் உள்ள வெள்ளிக்குப் பின்னணி ஆகிவிடுகிறது. போடுகிறவரின் தோல் எந்த நிறமானாலும் அது அதிகம் கவலைப்படாது.

தங்கம் ஒரே நிறமல்ல

"தங்கமா வெள்ளியா" என்று கேட்கும்போதே கேள்வி சுருங்கிவிடுகிறது. தங்கத்துக்கு ஒரே நிறம் இல்லை. தமிழில் பசும்பொன், செம்பொன் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. கிளியின் சிறகு நிறம் கொண்ட கிளிச்சிறை என்றொரு பொன்வகைகூடப் பழந்தமிழில் உண்டு. இன்றைய பட்டறையிலும் அந்த வண்ணங்கள் வருகின்றன. 24-ல் எத்தனை பங்கு தங்கம், மீதிப் பங்கில் என்ன கலந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம். மீதி எட்டுச் சொச்சத்தில் செம்பு கூடினால் லேசான சிவப்பும், வெள்ளி கூடினால் எலுமிச்சைச் சாயலும் வரும். 18 காரட்டில் தங்கம் 75 சதவீதம்தான், விளையாட இடம் அதிகம். மீதி 25-ல் பெரும்பகுதி செம்பு என்றால் ரோஸ் கோல்டு, முழுக்க வெள்ளி என்றால் பச்சை ஓடிய பொன். தங்கத்தோடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அலுமினியம் சேர்ந்தால் ஊதா நிறப் பொருள் கிடைக்கும், ஆனால் அது கண்ணாடிபோல் நொறுங்கும், வளைக்க முடியாது.

ஆகவே மஞ்சள் தங்கம் தனக்கு ஒத்துவரவில்லை என்று சொல்கிறவர் எந்த மஞ்சளைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். 14 காரட்டின் வெளிர் மஞ்சளுக்கும் 22 காரட்டின் அடர் மஞ்சளுக்கும் உள்ள தூரம், சில சமயம் வெள்ளிக்கும் பிளாட்டினத்துக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

வெள்ளை உலோகங்களும் ஒரே வெள்ளை அல்ல. கண்ணுக்குத் தெரியும் ஒளியை எல்லா உலோகங்களையும்விட அதிகமாகத் திருப்பித் தருவது வெள்ளி, 100-க்கு 95 பங்கு வாக்கில். அதுவும் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகத் திருப்புகிறது. பிளாட்டினம் அதைவிடக் குறைவாகத் திருப்பும், அதனால் அதன் வெள்ளையில் ஒரு சாம்பல் இருக்கும். நகைக்கு மேல்பூச்சாகப் போடும் ரோடியம் என்ற வெள்ளை உலோகம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தங்கத்தின் மஞ்சளுக்குக் காரணம் அது நீல ஒளியை விழுங்கிவிடுவது. 79 புரோட்டான்கள் உள்ள கனமான அணுவில் எலெக்ட்ரான்கள் அவ்வளவு வேகமாக ஓடுகின்றன, சார்பியல் விளைவை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் தங்கமும் வெள்ளியைப் போலவே வெளுத்துத்தான் இருக்க வேண்டும்.

ஒரு ஜிமிக்கியைக் கையில் எடுத்து வெளிப்பக்கத்தைப் பாருங்கள், பிறகு கவிழ்த்து உட்குழிவை எட்டிப் பாருங்கள். வெளியே மஞ்சளாக இருப்பது உள்ளே ஆரஞ்சாக, ஓரிடத்தில் செம்பு நிறமாகவே தெரியும். உலோகம் ஒன்றுதான். குழிவுக்குள் நுழைந்த ஒளி சுவருக்குச் சுவர் மோதி வெளியே வருவதற்குள் ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் நீலத்தையும் பச்சையையும் இழந்துவிடுகிறது. இதனால்தான் குழிவும் முறுக்கும் பின்னலும் உள்ள தங்க நகை, அதே காரட்டில் தட்டையாகச் செய்த நகையைவிடச் சிவந்து தெரியும். மஞ்சள் தங்கம் தோலோடு கரைந்துபோகிறவர்களுக்குக் காரட்டை மாற்றாமலேயே இது ஒரு வழி. தட்டைச் சங்கிலிக்குப் பதில் முறுக்குச் சங்கிலி எடுத்துப் பார்க்கலாம்.

பளபளவென்று மெருகேற்றிய வெள்ளி வேறு மாதிரி. அதற்குச் சொந்த நிறம் கிட்டத்தட்ட இல்லை, சுற்றியிருப்பதைத்தான் காட்டும். சிவப்புச் சட்டைக்கு மேல் தொங்கும் வெள்ளிப் பதக்கத்தில் பாதி சிவப்பு. நீலச் சட்டை என்றால் பாதி நீலம். அப்புறம் அதைத் ‘தோலுக்குப் பொருந்தும்’, ‘பொருந்தாது’ என்று எப்படித் தீர்ப்பு சொல்வது? சட்டையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பளபளப்பில்லாத மேட் மெருகு போட்டால் இந்தக் கண்ணாடித்தனம் போய்விடும். வெள்ளி தன் முகத்தில் கூசுகிறது என்று ஒதுக்குகிறவர்கள் மேட் வெள்ளியை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. நாள்பட்டால் வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து கறுக்கும் என்பதும், அந்தக் கறுப்பு முதலில் ஒரு மஞ்சள் படிவாகத் தொடங்கும் என்பதும் வெள்ளி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். பாதி கறுத்த நிலையில் அது எந்தத் தோலுக்கும் எடுப்பதில்லை.

நிறம் எவ்வளவு பொருந்தினாலும் உலோகம் தோலுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பயனில்லை. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் காதுமடல் சிவந்து தடிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே தோலில் படும் பொருள்களிலிருந்து வெளிவரும் நிக்கலுக்கு வரம்பு விதித்தது அதனால்தான். செம்பு அதிகமுள்ள நகை வியர்வை பட்டு விரலில் பச்சை வளையம் விடுவது வேறு விஷயம். அது ஒவ்வாமை அல்ல, கழுவினால் போய்விடும்.

விளக்கு

விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள், எண் கூடக் கூட மஞ்சள் குறைந்து நீலம் ஏறும். பழைய குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 2700 கெல்வின், மஞ்சள். நடுப்பகல் வெயில் 5500 வாக்கில், மேகம் மூடிய வானம் 6500-ஐத் தொடும், நீலம் ஓடியது. நகை அடுக்கி வைக்கிற இடங்களில் பெரும்பாலும் தங்கத்துக்கு மேல் ஒரு விளக்கும் வைரத்துக்கு மேல் வேறு விளக்கும் எரியும், அண்ணாந்து பார்த்தால் தெரியும். மஞ்சள் விளக்கில் தங்கம் எரியும், உங்கள் தோலும் மஞ்சளேறும், இரண்டுக்கும் பொருத்தம் பிரமாதமாக இருப்பதுபோல் தெரியும். அதே தோட்டை மேகம் மூடிய பகலில் போட்டுப் பார்த்தால் வேறு ஆள். விளக்கின் தரத்தையும் பார்க்க வேண்டும். நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்குச் சிஆர்ஐ என்று 100 வரை ஓர் எண் உண்டு. அது குறைவான எல்இடி விளக்குகளில் பெரும்பாலும் சிவப்புதான் விட்டுப்போகும். சிவப்பு விட்டுப்போனால் முகம் களையிழந்துவிடும், பழி நகை மேல் விழும்.

கைபேசியில் படமெடுத்துப் பார்த்து முடிவு செய்வதும் இதே வலைதான். கேமரா வெள்ளையைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். படத்தில் மஞ்சள் அதிகம் இருந்தால் எல்லாவற்றிலும் மஞ்சளைக் குறைத்துவிடும், தோல், தங்கம் இரண்டிலும் சேர்த்து. படத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் ஒரே படத்தில் இரண்டு உலோகமும் இருக்க வேண்டும்.

கல்லும் முத்தும்

கற்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ராசிபலன்போலச் சொல்லிவிடுவார்கள், இவருக்கு மரகதம், அவருக்கு நீலம் என்று. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. ஷெவ்ரலின் விளைவு வேலை செய்யப் பரப்பளவு வேண்டும். மூக்குத்தியில் உள்ள ஒரு கல் உங்கள் முகத்தின் நிறத்தை எந்தப் பக்கமும் தள்ளாது. அது ஒரு புள்ளி, புள்ளியாகவே தெரியும். கழுத்தை நிறைக்கும் மணிமாலையோ தோள்வரை தொங்கும் காதணியோ என்றால் கதை வேறு. பெரிய பச்சை மணிமாலை வெளிறிய முகத்துக்கு ரத்த ஓட்டம் கொடுத்ததுபோல் காட்டும், ஏற்கெனவே சிவந்த முகத்தை இன்னும் சிவக்கவைக்கும். ஊதாக் கல் மாலை மஞ்சள் ஓடிய முகத்தில் மஞ்சளைக் கூட்டும். சிலருக்கு அது சோர்ந்த தோற்றத்தைத் தரும்.

கல்லின் பெயரைவிட அதில் எந்தச் சாயல் ஓடுகிறது என்பது முக்கியம். மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்ற ஒரே கனிமம்தான். குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். மாணிக்கத்திலேயே ஊதா ஓடியதும் உண்டு, ஆரஞ்சு ஓடியதும் உண்டு. முன்னது வெள்ளை உலோகத்தோடு சேரும், பின்னது மஞ்சள் தங்கத்தில் இன்னும் சூடேறும். அலெக்ஸாண்ட்ரைட் இந்த வாதத்தையே கேலி செய்கிற கல். 1830-களில் யூரல் மலையில் கிடைத்த இது பகல் வெளிச்சத்தில் பச்சை, மஞ்சள் விளக்கில் சிவப்பு. காலையில் ஒரு முகத்துக்கு, இரவில் வேறு முகத்துக்கு.

வைரத்தில் உலோகம் செய்யும் வேலை இன்னும் தெளிவு. ஜெமாலஜிக்கல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெரிக்கா வகுத்த அளவுகோலில் டி என்றால் நிறமே இல்லை, இசட்டை நெருங்க நெருங்க வெளிர் மஞ்சள். லேசாக மஞ்சள் ஓடிய வைரத்தை மஞ்சள் தங்கத்தில் பதித்தால் பக்கத்து மஞ்சளுக்கு முன்னால் கல் வெள்ளையாகவே தெரியும். அதையே பிளாட்டினத்தில் பதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பாரிஸ் சாயப்பட்டறையில் நூலுக்கு நடந்ததுதான் இங்கே கல்லுக்கும் நடக்கிறது.

முத்து நான் அதிகம் நேரம் செலவழிக்கிற விஷயம். முத்துக்கு இரண்டு நிறம் உண்டு. ஒன்று உடல் நிறம்: வெள்ளை, கிரீம், பொன், சாம்பல், கறுப்பு. இன்னொன்று அதன் மேல் மிதக்கும் சாயல், ரோஜாவாகவோ பச்சையாகவோ வெள்ளியாகவோ. அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் ஏடு ஏடாக, ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவு மெல்லியதாக அடுக்கியிருப்பதால் வருவது இது. வெள்ளை முத்து எல்லோருக்கும் பொருந்தும் என்பார்கள். பளீர் வெள்ளை முத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சிரித்துப் பாருங்கள், பல்லும் கண்ணின் வெண்மையும் சற்றே மஞ்சளடித்துத் தெரியும். கிரீம் முத்தில் அந்தச் சிக்கல் இல்லை. கறுத்த தோலில் வெள்ளை முத்து அடர்த்தி இடைவெளியால் அள்ளும். பச்சைச் சாயல் ஓடும் கறுப்பு முத்து அதே தோலில் தள்ளி நின்று பார்த்தால் தெரியாது, கிட்டத்தில் பார்த்தால் விட மனம் வராது. அது கிட்டத்தில் வருகிறவர்களுக்காகப் போடுகிற நகை.

முடி நரைத்த பிறகு

ஒருவரின் நிறம் என்பது தோல் மட்டுமல்ல. காதணிக்குப் பக்கத்தில் எப்போதும் முடி இருக்கிறது. கறுப்பு முடிக்கு அருகில் எந்த உலோகமும் பளிச்சென்று தெரியும், அது ஷெவ்ரலின் கணக்குதான். முடி நரைக்கும்போது இந்தப் பின்னணி போய்விடுகிறது. நெருங்கிய உறவினர் ஒருவர் சாயம் பூசுவதை ஐம்பத்தெட்டு வயதில் நிறுத்தினார். ஆறேழு மாதம் கழித்து, முப்பது வருடமாகப் போட்ட தங்கத் தோடு திடீரென்று பிடிக்கவில்லை என்றார். தோடு ரொம்ப மஞ்சளாகிவிட்டதாம். தோடு அப்படியேதான் இருந்தது, பக்கத்தில் இருந்த கறுப்பு வெள்ளியாகியிருந்தது. நரை முடியின் சாம்பல் வெண்மைக்குப் பக்கத்தில் மஞ்சள் கூடுதலாகத் தெரிந்தது. வெள்ளித் தோடு போட்டுப் பார்த்தார், அது முடியோடு கலந்து காணாமல் போனது. கடைசியில் அவருக்கு அமைந்தது நீலக் கல் பதித்த வெள்ளி. முடியோடு சேரும் உலோகம், நடுவில் அடர்ந்த ஒரு கல்.

முகத்துக்குத் தூரமான நகைகளுக்கு இந்த அளவு கவலை வேண்டாம். மோதிரமும் வளையலும் கையோடுதான் சேர வேண்டும், கையின் நிறமும் முகத்தின் நிறமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. வெயில் பட்ட புறங்கை கழுத்தைவிட இரண்டு படி கறுத்திருக்கும். காதில் வெள்ளி, கையில் தங்கம் என்று கலந்து போட்டால் தப்பு என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்கலாம்.

ஜன்னலோரம்

மணிக்கட்டு நரம்புக்குப் பதில் நான் செய்வது இது. பகலில், நேர் வெயில் படாத ஜன்னலோரம், முகம் ஜன்னலைப் பார்க்க உட்கார வேண்டும். வெள்ளையோ சாம்பலோ ஆன சட்டை, முகத்தில் ஒப்பனை எதுவும் வேண்டாம். சாக்லேட் சுற்றி வரும் தங்க நிறத்தாள் ஒன்று, வெள்ளி நிறத்தாள் ஒன்று, உள்ளங்கை அளவில். கசக்கிப் பிரித்து, தாடைக்கு அடியில் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது, அதுதான் கஷ்டம், கண் தானாகப் பளபளப்புக்கு ஓடும். கண்ணுக்குக் கீழ் உள்ள கருவளையத்தைப் பாருங்கள், மூக்கோரத்தையும் உதட்டு விளிம்பையும் பாருங்கள். ஒரு தாளில் கருவளையம் ஆழமாகும், இன்னொன்றில் தணியும். சிலருக்கு இரண்டிலும் ஒரு மாற்றமும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் உலோகத்தை மறந்துவிட்டு வடிவத்தையும் கனத்தையும் பார்த்து வாங்கலாம். நான் பார்த்தவரை அவர்கள்தான் அதிகம்.

பிறகு எழுந்து நாலடி தள்ளிப் போய்க் கண்ணாடியில் பார்க்க வேண்டும். முதல் சோதனை முகத்துக்கு, இது நகைக்கு. தூரத்தில் தெரிகிறதா, கரைகிறதா?

எனக்கு இதில் எந்தப் பக்கமும் சாயாத முடிவுதான் வந்தது. வெள்ளைத் தங்கம் நடுவில் நிற்கும் என்று நினைத்து 18 காரட்டில் ஒரு மோதிரம் வாங்கினேன். ஒன்றரை வருடத்தில் உள்ளங்கைப் பக்கம் மஞ்சளடிக்கத் தொடங்கியது. ஏமாற்றிவிட்டார்கள் என்று முகம் சிவக்கப் போய் நின்றேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மேல போட்ட ரோடியம் தேஞ்சிருக்கு, வெள்ளைத் தங்கத்தோட சொந்த நிறமே இதுதாங்க" என்றார். பல்லேடியமோ நிக்கலோ கலந்து மஞ்சளைக் குறைக்கலாம், முழுக்கப் போக்குவது கடினம், அதனால்தான் மேலே ரோடியம் பூசித் தருகிறார்கள். வாங்கும்போது அதை யாரும் சொல்லவில்லை. மறுபூச்சு போட்டுத் தருவதாகச் சொன்னார். பார்க்கலாம் என்று எடுத்துவந்துவிட்டேன். இப்போது பூச்சு முக்கால்வாசி போய்விட்டது. சாம்பலும் இல்லாத மஞ்சளும் இல்லாத ஒரு வெளிர் நிறம், ஈரமணல்போல. என் கைக்கு இதுவரை போட்டதிலேயே அதுதான் பொருத்தம் என்று தோன்றுகிறது. பூச்சு இருந்த நாளில் அது தெரியவே இல்லை.